கிரேட் ஓஷன் ரோடு: ஆறு பேர், ஒரு மூன்றரை வயசு, ஒரு மாமியார், ஒரு நாளா மூன்று நாளா?

மருதமலை_அடிவாரம் எழுதியது:

வணக்கம். டிசம்பர் அரையாண்டு விடுமுறையில் குடும்பமாக மெல்பர்ன் போகிறோம். நான், கணவர், 9 வயசு மகள், மூன்றரை வயசு மகன், அப்புறம் என் அத்தையும் மாமாவும். அதில் 26ஆம் தேதியிலிருந்து 30 வரைக்கும் அங்கே கடலோரமாகப் போகும் கிரேட் ஓஷன் ரோடுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன். ஒதுக்கினேனே தவிர எப்படிப் போவது என்று இரண்டு வாரமாக ஒரு முடிவும் இல்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

வண்டி ஓட்டப் போவது நான். கோத்தகிரி, வால்பாறை எல்லாம் நானே ஓட்டிப் போய் வந்திருக்கிறேன், அதனால் வளைவுக்குப் பயமில்லை. பயம் அத்தையை நினைத்துத்தான். குன்னூர் ஏறுவதற்குள் மூன்று தடவை வண்டியை நிறுத்தச் சொல்வார், முழங்கால் வலி வேறு. வெளியில் எங்கேயும் சாப்பிட மாட்டார், சுத்த சைவம், முட்டை கலந்த கேக் கூடக் கிடையாது. மாமா ரிடையர்ட் கணக்கு வாத்தியார். அவருக்கு ஒரே ஒரு ஆசைதான், கடலுக்குள் தூண் தூணாக நிற்கும் அந்த ட்வெல்வ் அப்போஸ்தல்ஸ் பாறைகளைப் பார்த்து பன்னிரண்டையும் தன் கண்ணால் எண்ண வேண்டுமாம். காலண்டரில் பார்த்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கேள்விகள்: மெல்பர்னிலிருந்து ஒரே நாளில் பஸ்சில் கூட்டிப்போய் வருகிறார்களே, அது போதுமா? வாடகைக் கார் எடுத்தால் எத்தனை ராத்திரி தங்க வேண்டும், எந்த ஊரில்? நம் லைசென்ஸ் செல்லுமா? பையனுக்கு இங்கே வாங்கின கார் சீட்டை விமானத்தில் தூக்கிக்கொண்டு வரலாமா? சாப்பாட்டுக்கு என்ன வழி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், கொஞ்சம் விவரமாகவே சொல்லுங்கள், நான் பொறுமையாகப் படிப்பேன்.

சுக்குக்காப்பி எழுதியது:

பஸ்சில் போங்க, வேலை முடிஞ்சது. நாங்க 2019ல் அப்படித்தான் போனோம். காலையில் ஏழரைக்கு ஊருக்குள்ளேயே வந்து ஏத்திக்கிட்டாங்க, ராத்திரி எட்டரைக்குத் திரும்பக் கொண்டு வந்து விட்டாங்க. நினைவு வளைவு, கோவாலா, மழைக்காட்டில் ஒரு நடை, அந்தப் பாறைகள், கப்பல் உடைஞ்ச இடம், எல்லாம் பார்த்தாச்சு. ஓட்டுற கவலை இல்லை, வழி தேடுற கவலை இல்லை, நாங்களும் தூங்கிக்கிட்டே வந்தோம்.

ஒரு நாள் வேலைக்கு எதுக்கு நாலு நாள்? மிச்ச நாளை மெல்பர்னில் செலவு பண்ணுங்க.

டாண்டினோங்_ரயில் எழுதியது:

சுக்குக்காப்பி அண்ணை, தூங்கிக்கொண்டே வந்தோம் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். பதின்மூன்று மணித்தியாலப் பயணத்தில் பாறைகளுக்கு முன்னால் நிற்கக் கிடைப்பது நாற்பது அல்லது ஐம்பது நிமிடம். அதுவும் உச்சி வெயிலில், எல்லா பஸ்ஸும் ஒன்றாய் வந்து இறங்குகிற நேரத்தில். இளம் ஆட்கள் என்றால் பரவாயில்லை. மூன்றரை வயசுப் பிள்ளையும் முழங்கால் வலியும் வாந்தியும் என்றால், பஸ் உங்களுக்காக நிற்காது. நான் இங்கே வந்து பன்னிரண்டு வருசம், ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர் எல்லாரையும் இந்த றோட்டில் கூட்டிக்கொண்டு போய் எனக்கு இப்போது மனப்பாடம். நீளமாய்த்தான் எழுதப் போகிறேன், தங்கச்சி கேட்டிருக்கிறார்.

முதலில் றோட்டைப் பற்றி. டோர்க்கியில் தொடங்கி வார்னம்பூலுக்குக் கிட்ட அலன்ஸ்ஃபோர்டில் முடிகிறது, 240 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. தூரத்தைப் பார்த்து மூன்று மணித்தியாலம் என்று கணக்குப் போடாதீங்கோ. டோர்க்கியிலிருந்து லோர்ன் வரைக்கும் லேசு. லோர்னிலிருந்து அப்பல்லோ பே 45 கிலோமீற்றர்தான், ஆனால் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல், வளைவுக்கு மேல் வளைவு, ஒரு மணித்தியாலம் பிடிக்கும். வால்பாறை மாதிரி கொண்டை ஊசி இல்லை, ஏற்றமும் அவ்வளவு இல்லை, ஆனால் நேராக இருக்கிற இடமே கிடையாது. அத்தைக்குச் சிக்கல் வரப்போவது அந்த ஒரு மணித்தியாலத்திலும், அப்பல்லோ பேயைத் தாண்டி ஓட்வே காட்டுக்குள் லேவர்ஸ் ஹில் ஏறி இறங்கும் இடத்திலும்தான். அதற்குப் பிறகு பாறைகள் இருக்கிற பகுதி சமதரை.

ஆகவே என் யோசனை இது. கரையோரமாய்ப் போங்கோ, உள்வழியால் திரும்புங்கோ. போகும்போது கடல் உங்கள் இடப்பக்கம் இருக்கும், இங்கேயும் நம் ஊர் மாதிரி இடப்பக்க ஓட்டம், அதனால் எந்தப் பார்வையிடத்திலும் எதிர்வண்டியைக் குறுக்கே வெட்டாமல் அப்படியே ஒதுக்கி நிறுத்தலாம். அத்தையை முன் இருக்கையில் வையுங்கோ, கடலின் கோடு தெரிந்துகொண்டே இருந்தால் வயிறு குறைவாய்ப் பிரட்டும். போனைப் பார்க்க விடக்கூடாது. திரும்பும்போது போர்ட் காம்ப்பெல்லிலிருந்து கோலாக், ஜீலோங் வழியாய் மெல்பேர்ண், ஏறக்குறைய 230 கிலோமீற்றர், மூன்று மணித்தியாலத்தில் வீடு. அது பால்மாட்டுப் பண்ணை நடுவே போகிற வழி, வளைவு குறைவு. வந்த வழியே கரையோரமாய்த் திரும்ப வேண்டும் என்று ஒருவரும் உங்களிடம் கேட்கவில்லை.

இரண்டு இரவு. முதல் இரவு அப்பல்லோ பே, இரண்டாவது போர்ட் காம்ப்பெல். மூன்றாவது இரவு கிடைத்தால் வார்னம்பூல் பக்கம் போய் டவர் ஹில்லில் ஈமு பாருங்கோ, எரிமலை வாய்க்குள்ளேயே இறங்கி ஓட்டுகிற இடம். மகளுக்குப் பிடிக்கும். போர்ட் காம்ப்பெல்லில் தங்குவது ஏன் என்றால், பாறைகள் அங்கிருந்து பத்து நிமிடத் தூரம். பொழுது படும்போது ஒருக்கால், விடியும்போது ஒருக்கால் போகலாம். டிசம்பர் கடைசியில் இங்கே பொழுது படவே எட்டே முக்கால் ஆகும், பஸ் எல்லாம் எப்போதோ போயிருக்கும். இருட்டுகிற நேரத்தில் கீழே கடற்கரையில் சின்னப் பென்குயின்கள் கரையேறும், மேலிருந்து புள்ளி மாதிரித்தான் தெரியும், பிள்ளைகளுக்கு அதுவே போதும். முழங்காலுக்கும் பிரச்சினை இல்லை. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து றோட்டுக்கு அடியால் ஒரு சுரங்க நடைபாதை போகிறது, பிறகு பார்வை மேடை வரைக்கும் சமமான பாதை, தள்ளுவண்டியும் போகும். கீழே கடற்கரைக்கு இறங்குகிற கிப்ஸன் ஸ்டெப்ஸில் மட்டும் 86 படி, இறங்கினால் ஏறவும் வேண்டும். அத்தையை மேலேயே இருத்துங்கோ.

ஒரு முக்கியமான விசயம், நீங்கள் சொல்கிற தேதி இங்கே கோடை விடுமுறையின் உச்சம். கிறிஸ்மஸ் முடிந்த அடுத்த நாள் முழு விக்டோரியா மாநிலமும் கடற்கரைக்குத்தான் போகும். அறையை இன்றைக்கே பாருங்கோ. கன இடங்களில் அந்த வாரத்துக்கு ஒரு இரவு மட்டும் தரமாட்டார்கள், இரண்டு மூன்று இரவு சேர்த்து எடு என்பார்கள். அப்படி என்றால் இரண்டு இரவும் போர்ட் காம்ப்பெல் பக்கமே எடுத்துவிடுங்கோ. அப்பல்லோ பேயில் மத்தியானம் சாப்பிட்டு விட்டு மெதுவாய்ப் போய்ச் சேரலாம்.

லைசென்ஸ்: சுற்றுலா வருகிறவர்கள் சொந்த நாட்டு லைசென்சில் ஓட்டலாம், அது ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். உங்கள் அட்டை ஆங்கிலத்தில்தானே இருக்கிறது, செல்லும். ஆனாலும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கோ, கார் கொடுக்கிற இடத்தில் சில பேர் கேட்பார்கள்.

விமான நிலையத்தில் கார் எடுத்தால் ஊருக்குள் வராமலே வெளிவட்டச் சாலையால் ஜீலோங் பக்கம் இறங்கிவிடலாம், அந்த வழியில் சுங்கம் இல்லை. ஊருக்குள் போகிற சுங்கச் சாலைகளில் காசு வாங்குகிற பெட்டிக்கடையே கிடையாது, கமரா படம் எடுத்து பிறகு பில் வரும், வாடகைக் காரென்றால் அதற்கு மேல் ஒரு கட்டணமும் வரும்.

வேகம் கவனம். இங்கே 5 கிலோமீற்றர் கூடினாலும் கமரா பிடிக்கும். போனைக் கையில் தொட்டாலே அபராதம், அதற்கும் தனிக் கமரா இருக்கிறது. பின்னால் வண்டி சேர்ந்தால் பதறாதீங்கோ, மெதுவாய்ப் போகிறவர்கள் ஒதுங்க இடைக்கிடை இடம் வைத்திருக்கிறார்கள், ஒதுங்கி வழி விடுங்கோ. கோவாலாவைக் கண்டால் வளைவில் நடு றோட்டில் நிறுத்துகிற ஆட்களை ஒவ்வொரு முறையும் காண்கிறேன். கெனெட் ரிவரில் மரத்தில் பார்க்கலாம், அங்கே நிறுத்த இடம் இருக்கிறது. பொழுது பட்ட பிறகு கங்காரு குறுக்கே பாயும். பாய்ந்தால் பிரேக் பிடியுங்கோ, ஸ்டியரிங்கை ஒடிக்காதீங்கோ. பாறைகளில் பென்குயின் பார்த்துவிட்டுத் திரும்பும் அந்தப் பத்து நிமிடத்தையும் ஆமை மாதிரி ஓட்டுங்கோ.

அப்பல்லோ பேயில் பெட்ரோல் நிரப்பிவிடுங்கோ. அதற்கு அப்பால் காட்டுக்குள் போன் கன இடத்தில் எடுக்காது, வரைபடத்தை முதலிலேயே இறக்கி வைக்க வேண்டும்.

கார்_சீட்_கதை எழுதியது:

மேலே சொன்னதெல்லாம் சரி. கார் சீட் விஷயத்தை யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். எங்கள் பட்டறிவு கசப்பானது.

உங்கள் கார் சீட்டைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். ஆஸ்திரேலியாவில் ஏஎஸ்/என்இசட்எஸ் 1754 என்ற தரமுத்திரை உள்ள சீட் மட்டும்தான் சட்டப்படி செல்லும். இந்தியா, சிங்கப்பூர், ஐரோப்பா, எங்கே வாங்கியிருந்தாலும், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் செல்லாது. அங்கே சீட்டின் தலைப்பக்கத்திலிருந்து ஒரு பட்டை போய் காரின் பின்பக்கக் கொக்கியில் மாட்டவேண்டும். 4 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளை, பின் இருக்கை உள்ள காரில் முன்னால் உட்காரக் கூடாது, சீட்டிலேயே பட்டைகள் வைத்த வகைதான் வேண்டும். 7 வயசு வரைக்கும் ஏதாவது ஒரு சீட்டோ பூஸ்டரோ கட்டாயம். உங்கள் மகளுக்கு 9, பெல்ட் தோளில் சரியாக விழுந்தால் போதும், கழுத்தில் உரசினால் பூஸ்டர் கேளுங்கள்.

நாங்கள் முன்பதிவில் சீட் கேட்டிருந்தோம், பணமும் பிடித்துவிட்டார்கள். காலை ஆறு மணிக்கு இறங்கிப் போனால் கவுன்டரில் 'சீட் தீர்ந்துவிட்டது' என்கிறார்கள். எந்த நிறுவனம் என்று சொல்ல விருப்பமில்லை. சட்டம் அவர்களுக்கும் தெரியும், சீட் இல்லாமல் சாவியையும் தர மாட்டேன் என்கிறார்கள், பணத்துக்கும் பதில் இல்லை. இரண்டு வயசுப் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு நான்கு மணி நேரம் நின்றோம். கடைசியில் என் வீட்டுக்காரர் டாக்ஸி பிடித்துப் போய் கடையில் புதுசாக ஒன்று வாங்கி வந்தார். பயணம் முடிந்ததும் அதை மெல்பர்னில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு வந்தோம். அதனால் முந்தின நாள் போன் செய்து பெயரைச் சொல்லி உறுதி செய்யுங்கள். வண்டியை வெளியே எடுக்கும் முன் பட்டையை நீங்களே இழுத்துப் பாருங்கள்.

வண்டி: ஏழு பேர் உட்காரும் எஸ்யூவி என்று போட்டிருப்பதை எடுக்காதீர்கள். மூன்றாவது வரிசையை விரித்தால் பின்னால் ஒரு கைப்பைதான் வைக்கலாம். ஆறு பேர், ஆறு பெட்டி, ஒரு தள்ளுவண்டி. கியா கார்னிவல் மாதிரி நீள வேன் எடுங்கள். ஒப்பந்தத்தில் மண் சாலையில் போகலாமா என்று பாருங்கள், பெரும்பாலும் கூடாது என்றுதான் இருக்கும், போய் ஏதாவது ஆனால் காப்பீடு வராது. கோவாலா தேடி உள்ளே போகும் சந்துகள் சிலது மண் சாலை.

அப்புறம் கடல். இதை மட்டும் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பகுதிக்குக் கப்பல் உடையும் கரை என்றே பெயர். பார்க்க அமைதியாக இருக்கும் சின்னச் சின்னக் குடாக்களில் கால் நனைக்கலாம் என்று தோன்றும். 2019 ஈஸ்டர் ஞாயிறன்று போர்ட் காம்ப்பெல்லுக்குப் பக்கத்தில் தண்ணீரில் மாட்டிக்கொண்ட ஒரு சுற்றுலாப் பயணியைக் காப்பாற்றப் போன படகு கவிழ்ந்து, உயிர்காப்புத் தொண்டர்களாக இருந்த ஒரு அப்பாவும் மகனும் இறந்துபோனார்கள். உள்ளூர்க்காரர்கள், அந்தத் தண்ணீரிலேயே வளர்ந்தவர்கள். நம் ஆட்கள் மெரினாவில் நிற்பது மாதிரி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நிற்க வேண்டிய இடம் அது இல்லை. குளிக்க வேண்டுமென்றால் லோர்ன், அப்பல்லோ பே, அதுவும் சிவப்பு மஞ்சள் கொடி இரண்டுக்கும் நடுவில் மட்டும். கோடையிலும் தண்ணீர் ஐஸ்தான், உங்கள் பையன் கணுக்கால் நனைந்ததும் தானே ஓடி வந்துவிடுவான்.

சாப்பாடு: சமையலறை உள்ள கேபின் எடுங்கள். ஒரு குக்கர் போதும், உங்கள் அத்தைக்கு எல்லாம் நடந்துவிடும். பூங்காக்களில் பொது மின்சார அடுப்பு இருக்கும், ஆனால் அதில் முன்னால் மாட்டிறைச்சி வாட்டியிருப்பார்கள், உங்கள் அத்தை அந்தப் பக்கமே திரும்ப மாட்டார். ஊரிலிருந்து பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதைகள் கொண்டு வராதீர்கள், பிடுங்கி வைத்துவிடுவார்கள். பொடி, ஊறுகாய், பலகாரம் எதுவாக இருந்தாலும் நாட்டுக்குள் வரும்போது நிரப்பும் அட்டையில் உணவு இருக்கிறது என்று 'ஆம்' போட்டு விடுங்கள். சொன்னால் பார்த்துவிட்டுத் தருவார்கள் அல்லது எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். சொல்லாமல் மாட்டினால் அபராதம். கறிவேப்பிலை மெல்பர்ன் இந்தியக் கடைகளிலேயே கிடைக்கும்.

மருதமலை_அடிவாரம் எழுதியது:

இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை, ரொம்ப நன்றி. போர்ட் காம்ப்பெல்லில் மூன்று இரவு சேர்த்துத்தான் தந்தார்கள், எடுத்துவிட்டேன். வேன் சொல்லியாச்சு. கார் சீட்டுக்கு இப்போதே இரண்டு மெயில் போட்டுவிட்டேன்.

ஒரு சங்கடம். அந்த இடத்தில் பன்னிரண்டு பாறை இல்லை என்று எங்கேயோ படித்தேன். மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. எத்தனைதான் இருக்கிறது?

டாண்டினோங்_ரயில் எழுதியது:

தங்கச்சி, பன்னிரண்டு என்றைக்குமே அங்கே நின்றதில்லை. பழைய பெயர் தாய்ப்பன்றியும் குட்டிகளும் என்று, அந்தப் பெயரைக் கேட்டு யார் வருவார்கள், பிறகு பன்னிரு அப்போஸ்தலர் ஆக்கிவிட்டார்கள். பார்வை மேடையிலிருந்து எட்டுத் தெரிந்தது, 2005 ஜூலையில் ஒன்று அப்படியே இடிந்து விழுந்தது, இப்போது ஏழு. எல்லாம் சுண்ணாம்புக் கல், அலை அடியை வருசத்துக்கு ஏறக்குறைய இரண்டு சென்ரிமீற்றர் தின்கிறது. அந்தக் கரையில் விழுவது வழமை. போர்ட் காம்ப்பெல்லுக்கு அங்கால் லண்டன் பிரிட்ஜ் என்று இரண்டு வளைவாய் ஒரு பாறைப் பாலம் இருந்தது. 1990 ஜனவரி 15 அன்றைக்கு கரைப்பக்க வளைவு விழுந்து, இரண்டு பேர் கடல் நடுவே மிச்சத் துண்டில் நின்றுவிட்டார்கள், ஹெலிகொப்ரர் வந்துதான் தூக்கியது.

மாமாவுக்கு ஒரு ஆறுதல் சொல்லுங்கோ. 2016இல் அதே கரையிலிருந்து ஆறு கிலோமீற்றர் அங்கால், கடலுக்கு அடியில் மூழ்கிப்போன இதே மாதிரித் தூண்கள் ஐந்து இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்கள். கடல்மட்டம் கீழே இருந்த காலத்தில் கரையில் நின்றவை. மிச்சக் கணக்கை வாத்தியாரே போடட்டும்.

வழியில் ஈஸ்டர்ன் வியூவில் மரத்தால் செய்த நினைவு வளைவு வரும், எல்லாரும் படம் எடுக்கிற இடம். அங்கே வண்டியில் இருக்கிற எல்லாருக்கும் ஒன்று சொல்லுங்கோ. இந்த றோட்டு முதலாம் உலகப் போரிலிருந்து திரும்பி வந்த மூவாயிரம் படையினர் 1919இல் தொடங்கி 1932 வரைக்கும் மண்வெட்டியும் கோடரியும் குதிரை வண்டியுமாய் வெட்டியது, திரும்பி வராத தங்கள் ஆட்களுக்கு நினைவாய். உலகத்திலேயே பெரிய போர் நினைவிடம் இந்த றோட்டுத்தான் என்று சொல்வார்கள். 1924இல் கேசினோ என்ற கப்பல் கேப் பேட்டன் பக்கம் பாறையில் முட்டி, பாரம் குறைக்க 500 பீப்பாய் பியரையும் 120 பெட்டி மதுவையும் கடலில் தள்ளியது. கரை ஒதுங்கியதை றோட்டு வெட்டினவர்கள் பிடித்துக்கொண்டார்கள், இரண்டு வாரம் வேலை நடக்கவில்லை. இதை அத்தைக்குச் சொல்ல வேண்டாம்.

இன்னொன்று, அது காட்டுத்தீக் காலம். 2015 கிறிஸ்மஸ் அன்றைக்கு அந்த றோட்டிலேயே வை ரிவர் பக்கம் தீ பரவி நூற்றுக்கு மேல் வீடுகள் போயின. விக்எமர்ஜென்சி செயலியைப் போனில் போட்டு காலையில் ஒருக்கால் பாருங்கோ. வடக்குக் காற்றில் 40 பாகை அடிக்கிற நாளென்றால் காட்டுப் பகுதிக்குப் போகாதீங்கோ. அடுத்த நாளே 18 பாகைக்கு இறங்கும், கோடை என்று நம்பி ஸ்வெட்டரை விட்டுவிட்டு வராதீங்கோ.

மருதமலை_அடிவாரம் எழுதியது (ஜனவரி):

போய்விட்டு வந்துவிட்டோம். கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்கள் பட்டியலில் சேரக் கூடாதென்று எழுதுகிறேன்.

கார் சீட் இருந்தது. நான் போன் செய்த கணக்கு நான்கு, கவுன்டரில் என் பெயரைச் சொன்னதுமே அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

26ஆம் தேதி கூட்டம் நீங்கள் சொன்னதைவிட மோசம். லோர்னில் வண்டி நிறுத்த இடமே கிடைக்கவில்லை, அந்த ஊரை ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. அங்கிருந்து அப்பல்லோ பே வரைக்கும் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. பாதிதான் போக்குவரத்து, மீதி அத்தைக்காக. முன் இருக்கையில் உட்கார வைத்து, இஞ்சி மரப்பா பொட்டலத்தை மடியில் கொடுத்து, இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை பார்வையிடத்தில் நிறுத்தினேன். ஒரே ஒரு தடவைதான் வாந்தி, அதுவும் ஓட்வே காட்டில், வளைவினால் இல்லை, மகன் பின்னால் வாந்தி எடுத்ததைப் பார்த்து. மகனை நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. அப்பல்லோ பேயில் வாங்கிக்கொடுத்த ஐஸ்க்ரீம் முழுக்க சீட்டின் பட்டையில். கைக்குழந்தை இருக்கிறதோ இல்லையோ, இரண்டு பழைய துண்டும் ஒரு பாட்டில் தண்ணீரும் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள்.

பாதையில் சாலை ஓரமாக இடப்பக்கம் ஓட்டு என்று அம்புக்குறி போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள், வலப்பக்கம் ஓட்டிப் பழகிய நாட்டுக்காரர்களுக்காகவாம். அதைப் பார்த்த பிறகு ஒவ்வொரு வளைவிலும் எதிரே வருகிறவன் எந்த நாட்டுக்காரனோ என்று எனக்கு ஒரு பயம் வந்தது உண்மை.

மூன்று ராத்திரியும் போர்ட் காம்ப்பெல்லில் இருந்தது ரொம்ப நல்லதாகப் போயிற்று. முதல் நாள் சாயங்காலம் போனால் மேகமும் தூறலும், பாறைகள் சாம்பல் நிறத்தில் நின்றன, மாமா முகம் தொங்கிவிட்டது. காற்று வேறு, அத்தையின் ஷால் பறந்து போய் யாரோ ஒரு சீனத்துப் பெரியவர் ஓடிப் பிடித்துக் கொடுத்தார். அடுத்த நாள் விடிகாலை ஆறே காலுக்கு நானும் மாமாவும் மட்டும் போனோம். வண்டி நிறுத்துமிடத்தில் மொத்தம் நான்கு வண்டி. வெயில் பக்கவாட்டில் விழுந்து பாறை எல்லாம் வறுத்த ரவை நிறம். மாமா இந்த மேடையிலிருந்து எண்ணினார், அந்த மேடைக்குப் போய் எண்ணினார், மறுபடியும் இங்கே வந்து எண்ணினார். விழுந்துகிடக்கும் குவியலைச் சேர்ப்பதா வேண்டாமா என்று என்னிடம் கேட்டார். அப்போதுதான் அந்தக் கடலுக்கடி ஐந்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், 'அப்ப பேரு வச்சவன் தப்பா எண்ணல, நாமதான் நேரங்கழிச்சு வந்திருக்கோம்' என்றார். அந்த ஐந்தும் எப்போது மூழ்கியது, இவர்கள் எப்போது பெயர் வைத்தார்கள் என்று கணக்கு இடிக்கும்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

மகளுக்குப் பிடித்தது லாக் ஆர்ட் கார்ஜ். 1878இல் கப்பல் உடைந்து 54 பேரில் டாம், ஈவா என்று இரண்டே பேர் பிழைத்த கதையை நான் சொல்ல, அவர்கள் அப்புறம் கல்யாணம் செய்துகொண்டார்களா என்று கேட்டாள். ஊரே அதைத்தான் எதிர்பார்த்ததாம், அந்தப் பெண் அயர்லாந்துக்குத் திரும்பிப் போய்விட்டாள் என்றேன். 'நல்லது' என்றாள். ஏன் நல்லது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அங்கே கடலுக்குள் 2009இல் ஒரு வளைவு இடிந்து மிச்சமாக நிற்கும் இரண்டு தூணுக்கும் அவர்கள் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். கீழே மணலுக்குப் படி இறங்க வேண்டும், அத்தை மேலேயே இருந்தார்.

பென்குயின் பார்த்தோம், மகன் தூங்கிவிட்டான். காலையில் எழுந்து தான் பார்த்ததாகவே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

திரும்பும்போது கோலாக் வழி. அத்தை அந்த நேர் ரோட்டில் கால் நீட்டித் தூங்கினார். பால்மாடுகளைப் பார்த்ததும் மட்டும் விழித்து, ஒரு மாடு எத்தனை லிட்டர் கறக்கும் என்று என்னைக் கேட்டார்.

சுக்குக்காப்பி எழுதியது:

நல்லா எழுதியிருக்கீங்க. நாங்க மறுபடி ஏப்ரலில் போறோம், இந்தத் தடவை என் அம்மாவும் வர்றாங்க. பஸ் இல்லை. அந்தக் கேபினில் இண்டக்ஷன் அடுப்பா, கேஸா? ஊரிலிருந்து குக்கர் தூக்கிட்டு வரலாமான்னு பார்க்கிறேன்.

மருதமலை_அடிவாரம் எழுதியது:

எங்களுக்கு வந்தது சாதாரண மின்சாரச் சுருள் அடுப்பு, அலுமினியக் குக்கரே போதும், சூடேறத்தான் நேரம் ஆகும். நீங்கள் எடுக்கிற இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஏப்ரல் தொடக்கத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்களாம், அப்புறம் ஆறு மணி சுமாருக்கே பொழுது சாய்ந்துவிடும், அதனால் சாயங்காலப் பாறைக்கு நாலரைக்கே கிளம்புங்கள். மரப்பா இங்கிருந்தே எடுத்துப் போங்கள், அட்டையில் மறக்காமல் 'ஆம்' போடுங்கள். எங்கள் பொட்டலத்தை அந்த அதிகாரி திருப்பித் திருப்பிப் பார்த்து, முகர்ந்து பார்த்துவிட்டு, அத்தையிடமே கொடுத்துவிட்டார்.